தவில் சத்தத்தில் தட்டிய கதவு

கார் கதவில் விழுந்த பள்ளத்தை எடுக்கச் சுத்தியல் மட்டும் போதாது. கதவுக்கு உள்பக்கம் இடது கையால் ஓர் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் லேசான வளைவு. அதற்கு டோலி என்று பெயர். வெளியே வலது கை தட்டும். தகரத்தை நடுவில் வைத்துக்கொண்டு சுத்தியும் டோலியும் நேருக்கு நேர் சந்தித்தால் 'ணங்' என்று கேட்கும். சந்திக்கவில்லையென்றால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். இடது கை இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று சொல்வது காதுதான். அளவாகத் தட்டினால் பள்ளம் மேலே வரும். அளவு மீறினால் தகரம் வளர்ந்துவிடும். வளர்ந்த தகரத்துக்கு இருந்த இடம் போதாது. கை வைத்தால் உள்ளே போகும், எடுத்தால் வெளியே வரும், டொப், டொப் என்று. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான சத்தம் கிடையாது. அதை நான் என் தங்கை கல்யாணத்தில் ஊரோடு சேர்ந்து நின்று கேட்டேன்.

கேவலம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒக்கூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை பெய்தால் நிலம், பெய்யாவிட்டால் பொட்டல். அறுபதுகளில் தொடர்ந்து கண்மாய் நிரம்பாமல் போனபோது நான் பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வந்து ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே எனக்கு முன்பே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். பழைய முதலாளி கடையை மூடியபோது நாங்கள் இருவரும் சேர்ந்து கல்லுக்கட்டிக் கடைத்தெரு தாண்டி ஒரு தகரக் கொட்டகை போட்டோம். அவரைப் பாய் என்று கூப்பிட்டதால் எல்லோரும் அதைப் பாய் பட்டறை என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. என் பெயர் எங்கும் வரவில்லை அல்லவா.

ஏன் வசதி என்றால், எங்கள் அப்பாவுக்கு இந்தத் தொழில் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஏர் பிடித்த வம்சம், இரும்பு தட்டுவதாவது என்பார். ஏர் பிடிக்க நிலத்தில் ஈரம் இல்லையே என்று ஒருமுறை கேட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் யோக்கியன் இல்லை. ஊருக்குக் கிளம்பும் சனிக்கிழமைகளில் மண்ணெண்ணெய் போட்டுத் தேங்காய் நாரால் நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பஸ்ஸில் கைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். அப்பா என்னைப் பார்த்து வெட்கப்பட்டார் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் ஊரில் வெட்கப்பட்டார், நான் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவேன்.

தங்கைக்குப் பள்ளத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா அரிசி மில் வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள், "அண்ணன் என்ன பண்றாக?" என்று கேட்டதற்கு அப்பா கண் இமைக்காமல், "காரைக்குடியில மோட்டார் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கான்" என்று சொல்லிவிட்டார். நான் அங்கேதான் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு தங்கை அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "அண்ணே, அவுகளுக்கு ஒருநாள் தெரிஞ்சா என்னைத்தானே கேப்பாக?"

"தெரியாது. நான் பாத்துக்கிறேன்" என்றேன். பெரிய பாதுகாவலன் மாதிரிதான் சொன்னேன். பொய் சொன்னவர் அப்பா, கட்டிக் காப்பவன் நான், மாட்டினால் வாழ்க்கை போவது அவளுக்கு.

மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்றார்கள். காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு ஆச்சி வீட்டில் மேல்மூடி மடக்குகிற பழைய கறுப்புக் கார் இருந்தது. வெளியாருக்கு லேசில் தரமாட்டார்கள். எனக்காகப் போய் ஆச்சியிடம் பேசி இரவல் வாங்கித் தந்தவர் பாய். "நம்ம வீட்டுக் கல்யாணம் ஆச்சி, என் தங்கச்சி மாதிரி" என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். அதோடு இரண்டு நாள் தன் கையாலேயே அந்தக் காரைத் துடைத்துப் பாலிஷ் போட்டார். தையற்காரரிடம் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை அளவும் கொடுத்துவிட்டு வந்தார்.

பாய்க்கு நான் பத்திரிகை வைக்கவில்லை. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவரு நல்லவருதான், நான் இல்லேங்கல. ஆனா வாய் நிக்காது. 'நம்ம பட்டறை, நம்ம பட்டறை'ம்பாரு. சோலி முடிஞ்சிரும்." பத்திரிகைக் கட்டு பட்டறையில் என் பையில்தான் இருந்தது. பக்கத்துச் சோடாக் கடைக்காரருக்குக் கொடுத்தேன், வெல்டிங் கம்பி விற்கிறவருக்குக் கொடுத்தேன். அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரியும். பாய்க்குக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது, "நல்லபடியா நடக்கும் அப்பு, போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கார் எங்கள் ஊருக்கு வந்தது. ஓட்டி வந்தவர் ஆச்சி வீட்டு டிரைவர். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். எப்போதும் "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார். ஊர் எல்லையிலேயே காரை மறித்து, இரண்டு நாளைக்கு அந்த வார்த்தையை வாயில் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வேற எப்படிக் கூப்பிடணும்?" என்றார். "கூப்பிடவே வேணாம்" என்றேன்.

கார் பந்தலுக்கு முன்னால் நின்றது. சமையல் பாத்திரம் ஏற்றிய மாட்டு வண்டி அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த நேரம் பார்த்து வேட்டுப் போட்டான். மாடுகள் மிரண்டு பின்வாங்கின. வண்டியின் பின்கட்டை நேராக வந்து கார் கதவில் இடித்தது. பெயின்ட் உரியவில்லை, ஆனால் தாம்பாளம் அளவுக்குப் பள்ளம். மாப்பிள்ளை உட்காரும் பக்கம்.

கூட்டம் கூடிவிட்டது. "மூளி வண்டியில மாப்பிள்ளையை ஏத்துறதா?" என்று ஒரு பெரியம்மா ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் விளிம்பு உடைந்த குடத்தைக்கூட நல்ல காரியத்துக்கு எடுக்கமாட்டார்கள். ஒடுங்கிய காரில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தால் அந்தப் பேச்சு என் தங்கையின் தலையில்தான் விடியும். மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாய ஊர் எல்லையில் உள்ள பிள்ளையார் கோவிலுக்கு வந்துவிடுவார்கள். காரைக்குடிக்குப் போய்ப் பாயைக் கூட்டிவர நேரமில்லை. நேரம் இருந்தாலும் கூட்டி வந்திருக்கமாட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். என் தொழிலை நினைத்து அவர் என்னை நேராகப் பார்த்த முதல் பார்வை அதுதான்.

முந்தின நாள் வேலை முடித்து அப்படியே பஸ் ஏறி வந்ததால் கருவிப் பை என்னோடு வந்துவிட்டிருந்தது. நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். உள்ளே சுத்தியும் டோலியும் இருந்தன. டோலி பாயுடையது. லாரி ஆக்ஸில் துண்டை அறுத்து அவரே அரத்தால் ராவிச் செய்தது. அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழத்துப் போயிருக்கும். என்னுடையதைப் பட்டறையில் விட்டுவிட்டு அதை எடுத்து வந்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

காரை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கதவின் உள்அட்டையைக் கழற்றினேன். ஒரு தட்டுத் தட்டினேன். 'ணங்' என்று தெரு வரை கேட்டது. அப்பா பதறிவிட்டார்.

"டேய், என்னடா இது, கொல்லன் பட்டறை மாதிரி கேக்குது?"

"வேற எப்படிக் கேக்கும்?"

அதற்குள் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சிலர் முன்கூட்டியே வந்து முன்வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஓடிப்போய்ச் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த மேளக்காரர்களை எழுப்பினார். கொட்டத்துச் சுவருக்கு அங்குட்டு உட்கார வைத்து, நிறுத்தாமல் வாசியுங்கள் என்றார். என்ன விசேஷம் என்று தவில்காரர் கேட்டிருப்பார். அப்பா என்ன சொன்னாரோ, அடி வெளுத்து வாங்கினார்கள்.

அந்தச் சத்தத்தில் என் சுத்தியல் எனக்கே கேட்கவில்லை. டோலி எங்கே இருக்கிறது, தகரம் என்ன சொல்கிறது, ஒன்றும் தெரியவில்லை. வியர்வை கண்ணில் வழிந்தது. யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்று ஒரு கண் வாசல்படியிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் கை தவில் தாளத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது. அவர் வேகம் பிடித்தால் நானும் வேகம் பிடித்தேன். பத்து அடி போதும் என்ற இடத்தில் எத்தனை அடித்தேனோ. பள்ளம் என்னவோ மேலே வந்துவிட்டது. எண்ணெய்த் துணியால் துடைத்தபோது கண்ணுக்குக் கதவு கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். எந்த வேலையிலும் அதைச் செய்யாமல் நான் வண்டியை விட்டதில்லை. அன்று கழுவ ஓடினேன். கையில் கரி இருந்ததே.

பொழுது சாய்ந்து மாப்பிள்ளை காரில் ஏறினார். கதவின் மேல் பூச்சரம் தொங்கியது. நான் வெள்ளை வேட்டி சட்டையில் பன்னீர்ச் செம்போடு பக்கத்தில் நடந்தேன். சூப்பர்வைசர் நடை. மாப்பிள்ளை வசதியாக முழங்கையைக் கதவில் ஊன்றி வெளியே கையைத் தொங்கவிட்டார்.

டொப்.

அவர் கையை எடுத்தார். மறுபடி டொப். மேளம் பாட்டு மாற்றுவதற்காக நின்ற நேரம். வாத்தியார் அல்லவா, காரணம் தெரியாமல் விடமாட்டார். விரலால் அழுத்தினார், விட்டார், அழுத்தினார். டொப், டொப். கூட வந்த பிள்ளைகள் சிரித்தன. ஒருவன் நாக்கை மடித்து அதே மாதிரி சத்தம் கொடுத்தான். அப்புறம் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். எங்கள் வீட்டு வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்ற பெண்களே வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

மில்காரச் சம்பந்தி அப்பாவிடம் கேட்டார். "என்ன சம்பந்தி, யாரு இந்தக் கதவைத் தட்டுனது?"

அப்பா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "காரைக்குடியில ஒரு பாய் பட்டறை. அங்க கொடுத்துத்தான் சரி பண்ணிக் கொண்டாந்தோம். அவன் வேலை லட்சணம் இப்பிடி."

நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பன்னீர் தெளித்தேன். டிரைவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். மேஸ்திரி என்று கூப்பிடாமலேயே பார்த்தார்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. தம்பதியை ஏற்றிக்கொண்டு கார் பள்ளத்தூர் போயிற்று. நான் மறுநாள் பலகாரப் பொட்டலத்தோடு பட்டறைக்கு வந்தேன். பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெளிர் நீலச் சட்டை. பையோரத்தில் அதற்குள் கரி பட்டிருந்தது. தைத்துவிட்டோம், எங்கே போட என்று நினைத்திருப்பார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு அதிரசம் எடுத்துக் கடித்துவிட்டு, "தங்கச்சி சந்தோசமா இருக்கா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காலையில் ஆச்சி வீட்டுக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவருக்கு வேறு பட்டறை தெரியாது. உள்ளேயிருந்து இறங்கியவர் மாப்பிள்ளை. இரவல் வாங்கிய காரைக் கெட்டுப்போன கதவோடு திருப்பித் தரக்கூடாது என்று நியாயமாக நினைத்து, சரி பண்ணிக் கொண்டுபோய் விட வந்திருக்கிறார். நான் அரைக்கால் டவுசரில், முழங்கை வரை கரியோடு, ஒரு மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், நீங்க எங்க இங்க?"

மட்கார்டைக் கீழே இறக்கி வைத்து எழுந்தேன். அதற்குள் பாய் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார். அண்ணன் கம்பெனியிலேருந்து வண்டி பாக்க வந்திருக்காக. அண்ணே, நீங்க கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க. கரி பட்டுரும்."

என்னை அவர் ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. 'அப்பு, அதை எடு, இதைப் பிடி' என்றுதான் எங்கள் பேச்சு. அன்று வாடிக்கைக்காரனிடம் பேசுகிற மரியாதையில் என்னைப் பேசினார். கரியில் குளித்தவனைப் பார்த்துக் கரி பட்டுவிடும் என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது சொன்ன பொய், பத்திரிகை ஏன் வரவில்லை என்பது, கதவுப் பழி, எல்லாம். டிரைவர் சொன்னாரோ, அவரே ஊகித்தாரோ, நான் கடைசிவரை கேட்கவில்லை.

மாப்பிள்ளை கதவைக் காட்டிக் கோபப்பட்டார். "என்ன பாய், கல்யாண வண்டின்னு தெரிஞ்சும் இப்பிடியா? ஊரே சிரிச்சிச்சு. தொழில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும்."

பாயின் கைக்குக் காரைக்குடியில் ஈடு கிடையாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார், நான் தட்டுனதுதான். கை தவறிப்போச்சு. இப்பச் சுருக்கிக் கொடுத்துடுறேன்" என்றார்.

நான் தள்ளி நின்றேன். அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வளர்ந்த தகரத்தைச் சுருக்க நெருப்பு வேண்டும். கார்பைடு கேஸைப் பற்றவைத்து ஒரு இடத்தைக் காசு அளவுக்குச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சிவந்த உடனே உள்ளே டோலியைக் கொடுத்துச் சுற்றிலும் தட்டி, ஈரத் துணியை வைத்துக் குளிர்விக்க வேண்டும். சூடு ஆறினால் போச்சு. அதற்கு எப்போதும் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் நாங்கள்தான். பாய் அன்று தனியாகச் செய்யப் பார்த்தார். கேஸ் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியை எடுப்பதற்குள் சிவப்பு மங்கிவிட்டது. திரும்பக் காய்ச்சினார். இந்த முறை டோலி கை நழுவிக் கதவுக்குள் விழுந்தது. மாப்பிள்ளை உச்சுக்கொட்டினார்.

அந்த உச்சுதான் என்னால் தாங்க முடியவில்லை. போய்க் கதவுக்குள் கையை விட்டு டோலியை எடுத்தேன். பாய் என் காதோரம் தாழ்ந்த குரலில், "வேணாம் அப்பு, வெலகு, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"நெருப்பை வைங்க பாய்" என்றேன்.

வைத்தார். சிவந்தது. தட்டினேன். ணங், ணங் என்று கேட்டது. துணியை வைத்தேன், ஆவி முகத்தில் அடித்தது. பெயின்ட் பொரிந்த நாற்றமும் கார்பைடு வாடையும் சேர்ந்து வந்தன. இன்னோர் இடம், இன்னோர் இடம். முடிந்ததும் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். கதவு அசையவில்லை.

மாப்பிள்ளையும் முழங்கையை ஊன்றிப் பார்த்தார். சத்தம் இல்லை. பிறகு என் கைகளைப் பார்த்தார். வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் சொன்னேன்.

"மாப்பிள்ளை, அன்னைக்குத் தட்டுனது நான். இவரு இல்ல. இது எங்க ரெண்டு பேரு பட்டறை. இவரை நான் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடல."

எனக்குத் தங்கையின் முகம் கண்முன் வந்தது. அவர் பாயைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க பாய், தெரியாமப் பேசிட்டேன்" என்றார். என்னிடம் குரலைத் தணித்து, "மச்சான், எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க தங்கச்சியைப் பத்திக் கவலைப்படாதீக. ஆனா எங்க அப்பாகிட்டச் சொல்லிக்க வேணாம். அவுகளுக்கு நீங்க சூப்பர்வைசராவே இருங்க" என்றார்.

நல்ல மனிதர்தான். என் தங்கையைக் கடைசிவரை நன்றாக வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை பாயின் காதிலும் விழுந்தது. நான் சரி என்று தலையாட்டியதையும் அவர் பார்த்தார். பொரிந்த இடங்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து அனுப்பினோம். கார் போன பிறகு அவர் கேஸை மூடிவிட்டு, "டீ குடிப்போமா அப்பு?" என்று கேட்டார்.

சில வருஷம் கழித்துப் பாயின் தங்கைக்கு நிக்காஹ் நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வந்த கட்டைப் பட்டறையில் வைத்தே பிரித்தார். மேலாக இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினார். "மொதப் பத்திரிகை உனக்கு. வீட்டுல அத்தனை பேரும் வரணும்." நான் வாங்கினேன். அவர் போட்டிருந்தது அந்த நீலச் சட்டை. வெளுத்துப்போய் வேலைச் சட்டையாகிவிட்டிருந்தது.

நிக்காஹ் அன்று என்னை மாப்பிள்ளை வீட்டாரோடு நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் ஒரே சஹன் தட்டில் உட்கார வைத்தார். எதிரே ஒரு பெரியவர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "தம்பிக்கு என்ன ஜோலி?"

நான் வெள்ளைச் சட்டையில் இருந்தேன். கையைக் கழுவித்தான் இருந்தேன். "பட்டறையில தகரம் தட்டுறேன். பாயும் நானும் கூட்டு" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. நம்ம வேன் மட்கார்டு நசுங்கிக் கெடக்கு. வெள்ளிக்கிழமை கொண்டாரவா?"

"வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருவாரு. சனிக்கிழமை கொண்டாங்க."

அவர் சரி என்று ஒரு கறித்துண்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அவ்வளவுதான் நடந்தது. இந்த ஒரு வரியை என் வாயால் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் ஒரு மனிதனை அவர் பட்டறையிலேயே தலைகுனிய வைத்தேன். பாய் தண்ணீர்ச் செம்போடு எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருப்பார். குனிந்து என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சோற்றைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.